நோயாளி மாறிய விவரம்

கட்டுகஸ்தோட்டை.

அன்புள்ள மச்சான் றொசானுக்கு,

நீரும் உம் மனைவியும் பிள்ளைகளும் நலமென நம்புகிறேன். இங்கே மழை, மற்றப்படி சுகம். எனக்குக் குளுக்கோமா, கண் போகப்போகிறது என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதை இரத்துச் செய்து வாசிக்கவும்.

கண்ணில் அழுத்தம் கூட என்று சொன்ன நாளிலிருந்து நான் இந்த வீட்டின் நோயாளியாகப் பதவி வகித்து வந்தது உமக்குத் தெரியும். மீனில் நடுத்துண்டு எனக்கு, சாய்மனைக் கதிரை எனக்கு, சந்தைப் பை உம்முடைய அக்கா திரேசாவுக்கு. போன கிழமை கண்டியில் கிளினிக்குக்குப் போனோம். சிந்துஜா என்ற புது டொக்டர், கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடித் தோலின் தடிப்பை அளக்க வேண்டும் என்று விறைப்பு மருந்து விட்டு, பேனை போன்ற ஒன்றால் தொட்டுப் பார்த்தார். உங்கள் இருவரின் அம்மாவுக்குக் கடைசியில் பார்வை போனதைக் கேள்விப்பட்டு, துணைக்கு வந்த திரேசாவையும் இருத்திச் சோதித்தார்.

"ஐயா, உங்க கண்ணுல தோல் தடிப்பு. அதனால மெஷின் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டியிருக்கு. நரம்பு நல்லாத்தான் இருக்கு. இந்த அம்மாவுக்கு ரொம்ப மெல்லிசு, அதனால குறைச்சுக் காட்டியிருக்கு. நரம்பும் பாதிச்சிருக்கு. குளுக்கோமா அவங்களுக்குத்தான்."

"அப்ப நோயாளி நானோ?" என்றாள் திரேசா.

"ஆமாங்கம்மா. மருந்தைத் தவறாம விட்டா இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம்."

அவள் சந்தைப் பையை என் கையில் தந்தாள்.

பஸ்ஸில் யன்னலோரம் அவளுக்குப் போயிற்று, வீட்டுக்கு வந்தால் "இஞ்சேருங்கோ, தேங்காயைத் திருவுங்கோ" என்கிறாள், திருவினேன், விரலையும் சேர்த்துத் திருவினேன், தேங்காய்ப்பால் சொதி திரைஞ்சு போச்சு, மீன் கருகிச்சு, பக்கத்து வீட்டு ஹபீலா புகையைக் கண்டு ஓடிவந்து வீடு பத்துதோ எண்டு கேட்டா, பின்னேரம் மருந்து விடப்போனால் முதல் துளி மூக்கில விழுந்திட்டுது, "மூக்கில குளுக்கோமா இல்லையப்பா" எண்டாள், அடுத்தது கன்னத்தில, பிறகுதான் கண்ணில. விட்டு முடிந்தும் அவள் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்வை?"

"தெரியுமட்டும் பாக்கிறன்."

மருந்துப் போத்தலின் மூடியைத் தேடுகிற சாட்டில் நான் குனிந்துகொண்டேன்.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. வீடு என் நிர்வாகத்தில் ஒழுங்காக நடக்கிறது. நீர் லீவு போட்டு யாழ்ப்பாணத்திலிருந்து அலைய வேண்டாம். உம்முடைய அக்காவின் மாதாவும் என்னுடைய பிள்ளையாரும் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

அன்புள்ள அத்தான்,
இராமநாதன்

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் திரேசாவுக்கு வாசித்துக் காட்ட எழுதியது. அவள் குளிக்கப் போன நேரத்தில் இதைச் சேர்க்கிறேன். எனக்குச் சரியான பயமாக இருக்கிறது, மச்சான். கெதியாக வாரும்.