ஸ்டாப்பிங்கின் பம்பு

பை மறுபடியும் சக்கரத்தில் உரசியது.

நடையில் சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியில் பையைக் கட்டி, ஏறி உட்கார்ந்ததும், முன்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல் இறங்கிப் பையின் அடி டயரைத் தொட்டது. நாளைக் காலை மலைப்பயணம். பைக்குள் துணி என்று இருந்தது ஒரு சட்டைதான். மீதி எல்லாம் கருவி.

"சைக்கிளுக்காக சாமான் எடுத்துட்டுப் போறீங்களா, சாமானுக்காக சைக்கிள் எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"மலைப்பாதை. நடுவுல கடை கிடையாது."

"சரி. சுத்தியல் எதுக்கு?"

அதற்கு அவனிடம் ஒரு பதில் இருந்தது. சத்தமாகச் சொன்னால் நன்றாக இருக்காது என்று தோன்றியதால் சுத்தியலை எடுத்து வெளியே வைத்தான்.

எல்லாம் போன வருடப் பயணத்தில் ஆரம்பித்தது. அவனுடைய சைக்கிளில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் காற்று அடைத்திருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அது அமுங்கிக் கொடுத்துக் கைகளைக் காப்பாற்றும். சாதாரண டயர் பம்பு அதற்கு ஆகாது; அளவு காட்டும் முள் வைத்த தனிப் பம்பு வேண்டும். போன வருடம் மலை ஏறும் வழியெல்லாம் அந்தக் காற்று குறைந்துகொண்டே வந்தது. நின்றான், பம்பை மாட்டினான், முள்ளைப் பார்த்தான், அடித்தான். கொஞ்ச தூரம் போனதும் சந்தேகம் வந்து மறுபடி நின்றான். கூட வந்த மூன்று பேரும் ஒவ்வொரு தடவையும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மலையுச்சிக்குப் போனதும் 'ஸ்டாப்பிங்' என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

ஸ்டாப்பிங்குக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் ஃபோன் எடுக்கிற வேலை. பகல் முழுக்க அவனோடு பேசுகிறவர்கள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். வெளியே வந்தபின் அவர்களில் யாரும் திரும்பக் கூப்பிட்டுப் பேசியதில்லை. நண்பர்கள் என்று சொல்ல அந்த மூன்று பேர்தான்: மனைவியின் அண்ணன், ஒரு பேக்கரிக்காரர், ஒரு பல் டாக்டர். இந்த வருடம் தன்னைக் கழற்றிவிட்டுவிடுவார்கள் என்று முடிவே கட்டியிருந்தான். கூப்பிட்டார்கள். ஃபோனை வைத்துவிட்டு ஆபீஸ் படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

இந்தத் தடவை ஓர் இடத்திலும் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த வருடம் கிடையாது.

அதற்காக முதலில், டயருக்கும் ஃபோர்க்குக்கும் சேர்த்து ஒரே பம்பு வாங்கினான். டயருக்கு அடித்துப் பார்த்ததில் கை ஓய்ந்ததே தவிர டயர் நிமிரவில்லை. டயருக்கென்று தனியாக இன்னொன்று வாங்கினான். ஃபோர்க்குக்கு அந்த ஒரே பம்பை நம்ப மனமில்லாமல் பழைய முள் பம்பையும் சேர்த்தான். ஃபோர்க் கசிந்தால் மூடியைத் திறக்க ஒரு ஸ்பேனர். மூடி இறுகியிருந்தால் ஸ்பேனரைத் தட்ட அந்தச் சுத்தியல்.

"முன்னாடி ஏன் இப்படி இறங்குது?" என்றாள் மனைவி.

"பை கனம்."

"பையில என்ன?"

"பம்பு."

"பம்பு எதுக்கு?"

"முன்னாடி இறங்கினா காத்தடிக்க."

"நான் போய் துணி மடிக்கிறேன்."

பையை அவிழ்த்துச் சீட்டுக்குப் பின்னால் கட்டினான். சைக்கிள் முன்காலைத் தூக்கிய குதிரைபோல் பின்னால் சாய்ந்தது. நடுச் சட்டத்தில் கட்டினான். மிதிக்க மிதிக்க முழங்கால் பையை உதைத்தது. மறுபடி முன்னாலேயே கட்டி, கனத்துக்கு ஏற்ற மாதிரி ஃபோர்க்கில் கூடுதலாகக் காற்று அடித்துப் பம்பைக் கழற்றினான். 'உஸ்' என்றது. சரியாக நின்றிருக்கிறதா என்று பார்க்க மறுபடி மாட்டினான். முள் குறைவாகக் காட்டியது.

அடித்தான். கழற்றினான். உஸ். மாட்டினான். குறைந்திருந்தது.

டயருக்கும் ஃபோர்க்குக்கும் சேர்த்து வாங்கிய புதுப் பம்பிலும் முள் இருந்தது; அதை மாட்டி அளந்தான். அது இன்னும் குறைவாகக் காட்டியது.

ஸ்டாப்பிங் தரையில் உட்கார்ந்து மைத்துனருக்கு ஃபோன் போட்டான். "மச்சான், நான் வரலை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது. "என்ன மாப்ளே இப்படி குண்டைத் தூக்கிப் போடுற? நீ இல்லாம எப்படி?"

"ஃபோர்க்கு காத்து நிக்க மாட்டேங்குது மச்சான்."

"அதுக்கென்ன இப்போ? அப்படியே வா. ஒண்ணும் சரி பண்ண வேண்டாம்."

ஃபோனை வைத்துவிட்டு ஸ்டாப்பிங் மறுபடி பம்பை எடுத்தான். இந்த மாதிரி ஆட்களை நடுவழியில் நிறுத்துவதாவது. செத்தாலும் நிற்பதில்லை.

நடைக்கு வந்த மனைவி, அவன் மறுபடி பம்பை மாட்டுவதைப் பார்த்தபடி நின்றாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள்.

"அந்த முள்ளைத் தள்ளுறதுக்குக் காத்து எங்கேருந்து வருது?"

"உள்ளேருந்து."

"இந்த ரப்பர் குழாய் முழுக்க நிக்கிற காத்து?"

"அதுவும் உள்ளேருந்து..."

"ரத்தம் குறையுதான்னு பார்க்க, ஒருத்தருக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தா என்னங்க ஆகும்?"

ஸ்டாப்பிங் பம்பைப் பார்த்தான். ஃபோர்க்கைப் பார்த்தான். போன வருடத்து மலை முழுவதும் கண்முன் வந்து போனது.

"கசியவே இல்லையா?"

"நீங்க அளக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்." பம்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஒரு தடவை ஒழுங்கா அடிச்சாச்சுல்ல, இனிமே அதைத் தொடாதீங்க. எங்க அண்ணன் கண்ணுல இது படவே வேண்டாம்."

ஃபோர்க்குக்கான இரண்டு பம்புகளும் ஸ்பேனரும் அலமாரிக்குப் போயின. பையில் மிஞ்சியது டயர் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், நாலைந்து சாவி சேர்ந்த மடக்குக் கருவி ஒன்று, அவ்வளவுதான். பை சக்கரத்தைவிட்டு ஒரு சாண் மேலே நின்றது. மனைவியின் காலில் விழலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாகக் காபி போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். அவள் முழுவதையும் குடித்தாள்.

மறுநாள் மலையில் சைக்கிள் எண்ணெய் போட்ட மாதிரி ஏறியது.

"மாப்ளே," பின்னாலிருந்து மைத்துனர் கூப்பிட்டார், "முன்னாடி கொஞ்சம் இறங்கின மாதிரி தெரியுதே?"

"இல்ல மச்சான், கல்லு மாதிரி நிக்குது."

ஒரு வளைவு தாண்டியதும் பேக்கரிக்காரர் ஆரம்பித்தார். "தம்பி, ஏதோ 'உஸ்'னு சத்தம் கேட்டுச்சு."

"அது நீங்க மூச்சு விடுறது அண்ணே."

கிண்டல் செய்கிறார்கள் என்று தெரிந்தது. செய்யட்டும். கூப்பிட்டார்களே, அது போதும். இன்னும் வேகமாக மிதித்தான். பல் டாக்டர் மட்டும் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வர வழியில்லாமல் செய்கிற தொழில் என்பதால் பேச்சில் அவருக்கு ஆர்வம் போயிருந்தது. அவருடைய சைக்கிள் ஃபோர்க்கில் காற்றோ ஸ்பிரிங்கோ இல்லாத பழைய இரும்பு. பள்ளத்தில் விழுந்தால் பல் ஆடும்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்னால் சத்தமே இல்லை என்று ஸ்டாப்பிங் கவனித்தான். திரும்பிப் பார்த்தான். வெறும் சாலை.

இறங்கி வந்தபோது மூன்று சைக்கிள்கள் புல்லில் கிடந்தன. பக்கத்தில் மூன்று பேர் கிடந்தார்கள். மைத்துனரின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. பேக்கரிக்காரர் துண்டை முகத்தில் போட்டு மூடியிருந்தார்.

பதற்றத்தில் ஸ்டாப்பிங்குக்கு ஆபீஸ் குரல் வந்துவிட்டது. "பயப்படாதீங்க. கதவைத் திறக்க முயற்சி பண்ணாதீங்க. யாருக்கு என்ன ஆச்சு, எந்த வண்டியில பிரச்சினை?"

"எந்த வண்டியிலயும் பிரச்சினை இல்ல," துண்டுக்குள்ளிருந்து பேக்கரிக்காரர் கசப்போடு சொன்னார். "அதான் பிரச்சினை."

"மச்சான், பார்த்தீங்களா? இந்தத் தடவை ஒரு இடத்துலயும் நிக்கலை. போன தடவை உங்களையெல்லாம் படுத்தி எடுத்தேன்ல, அதான். பம்பைக்கூட வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டார். "வீட்லயே வச்சிட்டு வந்துட்டானாம்."

பல் டாக்டர் படுத்தபடியே தன் பையை இழுத்தார். துழாவி, உறைகூடப் பிரிக்காத புத்தம்புது முள் பம்பு ஒன்றை எடுத்து ஸ்டாப்பிங்கின் கையில் வைத்தார்.

"போன வருஷம் நீங்க நின்னு நின்னு அளந்ததாலதான் நாங்க மூணு பேரும் உயிரோட மேல போய்ச் சேர்ந்தோம், அதனாலதான் இந்தத் தடவை உங்களை முதல் ஆளா கூப்பிடச் சொன்னேன், கொஞ்சம் மாட்டிப் பாருங்க, கண்டிப்பா காத்து குறைஞ்சிருக்கும்."