பின்னறைக்கு வந்த ராஜாக்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரத் திருவருகைக் காலம் தொடங்கிய அன்று பூட்டுக்காரர் மகா தீர்மானம் ஒன்று எடுத்தார்.

"இது உள்ளத்தைச் சுத்தம் பண்ற காலம். தினமும் சாயங்காலம் பின்னறையில மௌன தியானம். யாரும் கூப்பிடக் கூடாது."

"அப்போ சுவருக்கு யாரு பெயிண்ட் அடிக்கிறது?" என்றாள் மனைவி.

"ஆண்டவர் சுவரையா பார்ப்பாரு?"

"அவர் பார்க்க மாட்டாரு. கிறிஸ்துமஸுக்கு வர்ற உங்க அக்கா பார்ப்பாங்க."

அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மௌனம் ஆரம்பமாகிவிட்டதாம். தாழ்ப்பாளைப் போட்டார். ஜன்னலைத் திறந்து வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பாயை விரித்தார். அந்தச் சாயங்காலத் தூக்கத்துக்காக மனிதர் எந்தப் பொய்யும் சொல்லுவார்!

குழந்தை இயேசுவைக் காணப் போகும் அந்த வீட்டு மூன்று ராஜாக்களும் மண் பொம்மைகள். பின்னறைச் சுவரோரம் கிளம்பி, முன்னறைக் குடிலுக்குக் கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேர வேண்டும். தினமும் காலையில் மனைவிதான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள்.

அன்று அவர் கண் விழித்தபோது அறை இருண்டுகொண்டிருந்தது. கதவைப் பார்த்து நின்ற ராஜாக்கள் இப்போது அவரைப் பார்த்து நின்றார்கள். போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. தூக்கக் கலக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் அவர்கள் அவருடைய காலடிக்கே வந்துவிட்டார்கள். மெழுகுவர்த்தி அணைந்து, புகை மட்டும் நெளிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். ஆனால் வெளியே போனால் பெயிண்ட் டப்பா காத்திருக்கிறதே!

அதற்கும் மறுநாள் கன்னத்தில் சில்லென்று ஏதோ பட்டது. மூக்குக்கு நேராகக் கிழட்டு ராஜாவின் இமைக்காத கண்கள். எங்கிருந்தோ கிசுகிசுப்பாக ஒரு குரல்: "விழித்திரு..."

பூட்டுக்காரருக்கே தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியவில்லை. ஒருவழியாக வெளியே வந்து விழுந்தார்.

"என்னங்க, தியானம் முடிஞ்சுதா?"

"தியானமாவது மண்ணாவது! தூங்கினேன்டி. தினமும் தூங்கினேன். அதான் அவங்க என்னைத் தேடி வந்துட்டாங்க!"

"யாரு?"

"ராஜாங்க! பிரஷ்ஷைக் குடு. நானே அடிக்கிறேன். நீ பக்கத்துலயே இரு."

பாதிச் சுவர் முடிந்தது. ஏணியில் நின்றபடி பின்னறைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பாவம் நீங்க. இனிமே உங்களுக்காகவும் சேர்த்து நானே தியானம் பண்றேன்" என்று கிளம்பினாள் மனைவி. போகிற வழியில், பின்னறை ஜன்னலுக்கு வெளியே சாத்தியிருந்த நீளமான ஒட்டடைக் குச்சியை எடுத்துவந்து ஏணியருகே மூலையில் வைத்தாள். அதன் நுனியில் ராஜாவின் கிரீடத்துத் தங்கப் பூச்சு ஒட்டியிருந்தது.

"அடிப்பாவி!" என்று ஏணி உச்சியிலிருந்து கத்தினார்.

பின்னறைத் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நிம்மதியான குறட்டை கேட்டது.