தொப்புள்கொடி ரத்தமும் தள்ளுபடி சாரும்

"என் வாரிசோட ரத்தத்துல ஒரு சொட்டுகூட வெளியாள் கைக்குப் போகாது!"

இந்தப் பிரகடனத்தை நான் வெளியிட்டபோது சபையில் இருந்தது ஒரே ஒருத்திதான். என் மனைவி. நிறைமாதம். கட்டிலில் சாய்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியில் கொஞ்சம் ரத்தம் மிஞ்சுமாம். வழக்கமாகக் குப்பைக்குப் போகிற சரக்கு. ஆனால் அதிலுள்ள ஸ்டெம் செல்கள் சில ரத்த நோய்களைக் குணப்படுத்த உதவுமாம். கட்டணம் கட்டினால் நம் குழந்தை பெயரிலேயே உறைய வைத்துப் பாதுகாக்க ஒரு கம்பெனி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பொது வங்கியும் இருக்கிறது. அங்கே கொடுத்தால் யாருக்குப் பொருந்துகிறதோ அவர்களுக்குப் போய்விடும்.

"யாருக்கோ குடுக்கறதுக்கா நான் அப்பாவாகறேன்?" என்றேன்.

"நான் சுமக்கறேன், நீங்க ஆகறீங்க. நம்ம குழந்தைக்கே அது தேவைப்படறது ரொம்ப அபூர்வம்னு டாக்டரம்மா சொன்னாங்களேங்க. பொதுவுல குடுத்தா ஏதோ ஒரு பிள்ளை பிழைச்சாலும் பிழைக்குமே?"

"பரம்பரை ரத்தம் அது! எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் ஒரு தும்மல்கூட தும்மினதில்ல."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் உத்தியோகங்களைச் சொல்லிவிடுகிறேன். அவள் வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் தொலைபேசிப் பிரிவு. 'உங்க ஆபீசையே கொளுத்திடுவேன்' என்று ஆரம்பிக்கிறவர், 'ரொம்ப நன்றிம்மா, சாப்டீங்களா?' என்று முடிப்பார். நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். பாட்டிலை விளக்குக்கு நேரே பிடிப்பேன். உள்ளே குமிழி தெரிந்தாலும் கழுத்து கோணியிருந்தாலும் தள்ளிவிடுவேன். அங்கே என்னைத் 'தள்ளுபடி சார்' என்பார்கள். கடையில் கிடைக்கிற தள்ளுபடி அல்ல, கோர்ட்டில் கிடைக்கிற தள்ளுபடி. எத்தனையோ பேர் ஊதிய பாட்டிலை நான் தள்ளியிருக்கிறேன். என்னை யாரும் தள்ளியதில்லை.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதுவும் நல்லதுதாங்க. பொது வங்கியில நம்மளை எடுத்துக்கவும் மாட்டாங்க."

"என்னது?"

"குடுத்ததையெல்லாம் வாங்கிக்க மாட்டாங்களாம். குடும்பத்துல என்ன வியாதின்னு குடைவாங்களாம். அளவு பார்ப்பாங்களாம், தரம் பார்ப்பாங்களாம். நிறையப் பேரோடதைத் தள்ளிடுவாங்களாம். நமக்கெதுக்குங்க அவமானம்? கம்பெனிக்காரங்கன்னா பணத்தைக் கட்டினா எதையும் வெச்சுப்பாங்க."

எதையும்! என் பரம்பரை 'எதையும்' ஆகிவிட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பொது வங்கிக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு நர்ஸம்மா.

"எங்க குழந்தையோட தொப்புள்கொடி ரத்தத்தைக் குடுக்கலாம்னு வந்திருக்கேன்."

"வேண்டாம் சார்."

"பாக்காமலேவா? நான் ஒரு பாட்டிலைக்கூட பாக்காமத் தள்ள மாட்டேன்!"

"இது பாட்டில் இல்லீங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

அந்தம்மா பெருமூச்சு விட்டார். "குடும்பத்துல ரத்த சம்பந்தமா ஏதாவது கோளாறு?"

"ரத்தக்கொதிப்பு. இப்பத்தான், உங்களாலதான் வந்துச்சு."

"தாத்தா எதுல போனார்?"

"மரத்துலேருந்து விழுந்து. தொண்ணூறு வயசுல."

"அந்த வயசுல மரத்துல என்ன வேலை?"

"அவ்வளவு திடகாத்திரம்!"

போய்விட்டு நாளைக்கு வரச் சொன்னார். போனேன். கையில் என் பல் டாக்டரிடம் வாங்கிய நற்சான்றிதழ். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும், "சிரமம் சார், முடியாது" என்றார்.

என் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, எங்கேயோ ஒரு பிள்ளை படுத்த படுக்கையா கிடக்குது. அதைப் பெத்தவங்க கண்ணுல தூக்கமில்லாம உக்காந்திருக்காங்க. அது எழுந்து ஓடி விளையாட வேண்டாமா? எங்க குழந்தை பொறக்கும்போதே குடுக்கத் தயாரா வருது. குறுக்க நிக்கறதுக்கு நீங்க யாரு?"

சண்டைக்காக ஆரம்பித்த பேச்சு பாதியில் நிஜமாகிவிட்டது. அந்தப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அதன்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேனாவை நீட்டினார். இருக்கிற இடத்தையெல்லாம் அடைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து வெற்றிச் செய்தியை அறிவித்தேன்.

"ஒரு சொட்டுகூட வெளிய போகாதுன்னீங்களே?"

"அது விவரம் தெரியாத காலம். பரந்த மனசு வேணும் நமக்கு."

"சரிங்க."

பெண் குழந்தை பிறந்தது. முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சில நாள் கழித்து நர்ஸம்மாவே எங்கள் அறைக்கு வந்து, "அளவும் தரமும் அருமை. எடுத்துக்கிட்டோம்" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லிப்ட்காரரிடம் சொன்னேன். வாசல் காவலாளியிடம் சொன்னேன். கேன்டீனில் கேட்காமலே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன். நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன். என் மகள் கண் திறக்கும் முன்னே தேறிவிட்டாள்!

திரும்பி வந்தபோது நர்ஸம்மா இன்னும் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? அன்னிக்கு நான் மட்டும் சண்டை போடலேன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்.

என் மனைவி திடீரென்று குழந்தையின் கால்விரல்களை ஆராய ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் ஆகியிருக்காது சார்," என்றார் நர்ஸம்மா. "அம்மா சம்மதிச்சாப் போதும், இவங்க ஏழாம் மாசமே கையெழுத்துப் போட்டுட்டாங்க. 'அவர் வந்தா ரெண்டு தடவை முடியாதுன்னு சொல்லுங்க, மூணாவது தடவை மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், அழுதுடுவார்'னாங்க."