எண்பது கிராம் போன இடம்

எடைச் சபை கூடிய செவ்வாய்க்கிழமை காலை மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள். நடுவே, உயர்ந்த மேடையில், மாமன்னரின் நாற்காலி. மன்னர் வேட்டைக்குப் போயிருந்தபடியால் அவர் எடைக்கு நிகரான மணல் மூட்டையை அதில் அமர்த்தி, ‘மாமன்னர்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதற்கு வலப்புறம் நிறைகோல் அமைச்சர் பேரருளாளர். இடப்புறம், அமைச்சருடையதைவிட இரண்டு விரற்கடை உயரமான இருக்கையில், இறைச்சிப் பொட்டலச் சங்கத் தலைவர் கோட்டைச்சாமி. குடிமக்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அது நிரம்பிவிட்டதாகக் குறிப்பேட்டில் முந்தின நாளே எழுதியாகிவிட்டதால் யாரையும் உள்ளே விடவில்லை. கடைசியாக, வாசலோரம் முக்காலியில், மடியில் தராசை வைத்துக்கொண்டு எடை ஆய்வாளர் திருமேனி.

அது நிறையூர் நாடு. அங்கே கறி என்பது மளிகைக் கடைக் குளிர்பெட்டியில், ஒட்டிய பொட்டலமாக, ‘அரை கிலோ’ என்ற அச்சோடு மட்டுமே கிடைக்கும். கொஞ்ச நாளாக ஜனங்கள், “வாங்கும்போது அரை கிலோ, சட்டிக்கு வரும்போது இல்லையே” என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

திருமேனி பத்தொன்பது கடைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்களை நிறுத்திருந்தார். ஒவ்வொன்றையும் மூன்று தரம் நிறுப்பது அவர் வழக்கம்: முதலில் மூடியபடி, பிறகு தட்டு, உறை, கசிவை உறிஞ்சும் பஞ்சுத்தாள் இவற்றைத் தனியாக, கடைசியில் ஈரம் துடைத்த கறியை. அன்று சபையிலும் ஒன்றை நிறுத்துக் காட்டினார்.

“மொத்தம் நானூற்று அறுபத்தைந்து கிராம். அதில் தட்டும் உறையும் இருபது, பஞ்சுத்தாள் இருபத்தைந்து. கறி நானூற்று இருபது. அச்சோ ஐந்நூறு. எண்பது குறைகிறது, ஐயா.”

கோட்டைச்சாமி மெல்லச் சிரித்தார். “பஞ்சுத்தாளை ஏன் கழிக்கிறீர்? அது ஊறியிருப்பது எதில்?”

“கறித் தண்ணீரில்.”

“ஆட்டிலிருந்து வந்ததுதானே?”

திருமேனி தலையாட்டினார். ஆட்டிலிருந்து வந்ததுதான்.

அமைச்சர் அங்கேயே ஆணை பிறப்பித்தார்: இன்றுமுதல் பஞ்சுத்தாளும், அதைத் தாங்கும் தட்டும், இரண்டையும் காக்கும் உறையும் கறி எனக் கொள்ளப்படும்.

“அப்படியும் முப்பத்தைந்து கிராம் இடிக்கிறதே?” என்றார் திருமேனி.

“அது சங்கத்தின் நல்லெண்ணம்” என்றார் கோட்டைச்சாமி. “தராசுக்குத் தெரியாது.”

நல்லெண்ணத்தின் எடை முப்பத்தைந்து கிராம் என்று இரண்டாவது ஆணை பிறந்தது. கணக்கு நேரானது. நேரான கணக்கைப் பார்த்து ஓர் ஆய்வாளர் சந்தோஷப்படத்தான் வேண்டும். திருமேனிக்கோ தலைக்குள் தராசு முள் இரு பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே ஏழைப்பட்டவர்கள் பஞ்சுத்தாளைப் பிழிந்து குழம்பில் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய கறியை யார் எறிவார்? பிள்ளைகளுக்கு வயிறு வலித்தது. அது பசி தீர்ந்த வலி என்று அரண்மனை வைத்தியர் அறிக்கை விட்டார். ஆனாலும் சட்டியில் எண்பது கிராம் குறைவதை ஜனங்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மூன்றாவது ஆணை வந்தது: பொட்டலத்தின் மேல் அச்சிட்டதே உள்ளே உள்ளது. திறந்தபின் குறைந்தால், திறந்தவரே எடுத்தவர்.

அதன்பிறகு நிறையூரில் பொட்டலம் திறக்க ஆள் கிடைக்கவில்லை. சிலர் வாங்கி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் சண்டைக்கார அண்டை வீட்டுக்காரரை விருந்துக்கு அழைத்து, “நீங்களே உங்க கையால பிரிங்க” என்று உபசரித்தார்கள்.

அரசுப் பிரசவ விடுதிச் சமையல்காரி தவமணிக்கு அந்த வசதி இல்லை. பிள்ளை பெற்ற பெண்கள் காத்திருந்தார்கள். நாற்பது பொட்டலம் திறந்தாள். இருபது கிலோ இருக்க வேண்டிய அண்டாவில் பதினாறு கிலோ எண்ணூறு கிராம் இருந்தது. மூன்று கிலோ இருநூறு கிராம் திருடியவள் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தண்டனை, உப்பளத்தில் இரண்டு வருஷம். வண்டி வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை திருமேனி சிறைக்குப் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் தவமணி குந்தியிருந்தாள்.

“வாங்கய்யா. நீங்கதான் கறி நிறுக்கிறவரா? மூணு கிலோ சொச்சம் தின்னா என் வயிறாவது சொல்லாதா? நான் சுத்த சைவங்கய்யா. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கிளறுறது.”

“அதை விசாரணையில சொன்னியாம்மா?”

“சொன்னேன். தின்னாதவ வித்திருப்பான்னு எழுதிக்கிட்டாங்க.” அவள் கம்பியருகே நகர்ந்து வந்தாள். “எட்டாம் நம்பர் கட்டில்ல ஒரு பொண்ணு. ரெட்டைப் பிள்ளை, பால் இல்லை. அதுக்கு யாராவது சூப்பு வைக்கிறாங்களா?”

“புதுச் சமையல்காரர் வந்திருக்கார்.”

“பொட்டலத்தைத் திறக்கிறாரா?”

திருமேனி விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். புதியவர் பொட்டலத்தைத் திறக்காமல் அப்படியே வெந்நீரில் போட்டு எடுத்து, அந்த வெந்நீரைப் பரிமாறுகிறார். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

“அய்யா, எனக்கு ஒண்ணுதான் விளங்கலை” என்றாள் தவமணி. “நான் நாப்பது திறந்தேன். நீங்க எரநூறு திறந்தீங்களாமே. அப்ப நீங்க ஏன் வெளியில நிக்கிறீங்க?”

அது அவருக்கும் விளங்கவில்லை. நேரே அமைச்சர் அலுவலகம் போய் அதையே கேட்டார்.

“நீர் அரசு ஊழியர்” என்றார் பேரருளாளர். “நீர் திறந்து குறைந்தால் அது திருட்டாகாது. அது வரி.”

“அவளும் அரசு விடுதி ஊழியர்தானே, ஐயா?”

“அவள் சமைத்துவிட்டாள்.”

திருமேனி இதைக் குறித்துக்கொண்டு, இரண்டு முறை படித்துப் பார்த்தார். பொருள் பிடிபடவில்லை. “மூன்றாம் ஆணையை மக்கள் ஏற்றுக்கொண்டார்களா?” என்று கேட்டார்.

அமைச்சர் இழுப்பறையிலிருந்து அரக்கு முத்திரையிட்ட தடித்த உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல், ‘குடிமக்களின் சம்மதம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு’ என்று அச்சிட்டிருந்தது.

“எண்ணிப் பார்த்தீர்களா, ஐயா?”

“திறந்து பார்க்கச் சொல்கிறீரா?” அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். “குறைந்தால் யார் பொறுப்பு? இந்த நாட்டில் முத்திரை விழுந்த எதையும் யாரும் திறப்பதில்லை. மன்னர் உட்பட.”

வியாழக்கிழமை மத்தியானம். திருமேனி தன் மேசையில் உட்கார்ந்து, ஓர் உறையை எடுத்தார். அவர் வாழ்நாளில் பொய் எழுதியவரல்ல. உறையின் மேல் மணியான எழுத்தில், ‘சமையல்காரி தவமணியின் விடுதலை ஆணை, நிறை முழுமை’ என்று எழுதினார். எழுதியபின் அது பொய்யா என்று யோசித்தார். மூன்றாம் ஆணைப்படி பொய்யில்லை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபடி பொய். இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்தார், முள் நிற்கவில்லை.

கடைசியில், மனம் ஆறட்டும் என்று உள்ளே வைக்கும் தாளில் உண்மையை எழுதினார்:

‘இதனுள் விடுதலை ஆணை எதுவும் இல்லை. ஆணையிட எனக்கு அதிகாரமும் இல்லை. பொட்டலம் ஒவ்வொன்றிலும் கறி எண்பது கிராம் குறைகிறது. அது திறக்கும் முன்பே குறைந்தது. அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. இப்படிக்கு, எடை ஆய்வாளர் திருமேனி.’

தாளை நான்காய் மடித்து உள்ளே வைத்தார். அரக்கை உருக்கி ஊற்றி, நிறைகோல் துறையின் முத்திரையை அழுத்தினார். அது இறுகும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

தபால்காரர் வந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சிறைக்குங்களா? வெள்ளிக்கிழமை வண்டிக்கு முந்தி சேரணுமாக்கும்.”

“ஆமா.”

“உள்ள என்னங்க?”

திருமேனி உறையின் மேல்புறத்தைக் காட்டினார். “மேலயே போட்டிருக்கே” என்றார்.

தபால்காரர் எழுத்துக்கூட்டி வாசித்தார். முகம் மலர்ந்தது. உறையைப் பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, சிறைச்சாலைப் பக்கம் சைக்கிளை மிதித்தார்.