கம்ப்யூட்டருக்கு வேர்த்தது

நான் இருக்கும்வரை இந்த வீட்டில் ஏசி கிடையாது. இது நான் கல்யாணமான புதிதில் அறிவித்த கொள்கை. கட்சிகள் கொள்கையை மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சவேரியார் மாற்றமாட்டான்.

காரணம் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். அங்கிருந்து காற்று ஓசியில் வருகிறது. கரண்ட் பில் கிடையாது, சர்வீஸ் கிடையாது. இதை விட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு பெட்டிக்குக் கீழே படுத்துக் கிடப்பவனை என்னவென்று சொல்வது? ஒவ்வொரு கோடையிலும் என் மனைவி அருள்மேரிக்கு இதை விளக்குவேன். அவளும் ஒவ்வொரு கோடையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"ஐஸ் கம்பெனில உக்காந்திருக்க ஆளுக்கு வேர்வைன்னா என்னன்னு தெரியுமா?"

நான் பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் மேனேஜர். படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற இடம். மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் டீ குடிப்பேன். ஆனால் அதற்கும் என் கொள்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்தக் கொள்கைக்குத்தான் போன மாதம் சோதனை வந்தது. வந்தது கம்ப்யூட்டர் வழியாக.

அந்தக் கம்ப்யூட்டரை மகள் படிப்புக்கு என்று சொல்லி வாங்கினேன். மகள் லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மதுரை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பெரிய பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே கலர் கலராக எரியும் விசிறிகள். சும்மா கிடந்தால் கெட்டுப்போகாதா? அதனால் பொறுப்புள்ள தகப்பனாக நான் உட்கார்ந்து அதில் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை போட ஆரம்பித்தேன். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நவ்ஷாத்தான் அதைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவன். எங்கள் டீமுக்குக் கேப்டனும் அவன்தான். என்னைவிடப் பாதி வயது. ஆனாலும் கேப்டன் கேப்டன்தான்.

வாங்கி வந்த அன்றே மேரிக்கு வகுப்பு எடுத்தேன். அவள் நகரைமீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இங்க பாரு மேரி. முன்னால இந்த வலை வழியாத்தான் காத்து உள்ள போகும். பின்னால வெளிய வரும். முன்னால அடைச்சா இதுக்கு மூச்சு முட்டிரும். சூடு ஏறிரும். ரொம்பச் சூடானா அதுவே தன்னால நின்னுக்கிரும். புரியுதா?"

"ம்."

"முக்கியமா உப்புக்காத்து உள்ள போகக்கூடாது. அது ஒம் பொறுப்பு."

"ம்" என்றாள் மறுபடியும். மீன் செதில் ஒன்று என் நெற்றியில் வந்து ஒட்டியது.

எங்கள் பக்கத்தில் உப்புக்காற்றுக்குப் பயப்படாதவர் யாருமில்லை. ஜன்னல் கம்பியைப் பெயின்ட் காய்வதற்குள் அரித்துவிடும். அதனால் வீட்டில் மனிதர்களைவிடச் சாமான்கள் ஒழுங்காக உடுத்தியிருக்கும். டிவிக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை, மிக்ஸிக்குக்கூட ஒரு சட்டை. படுக்கையறையில் இருந்த கம்ப்யூட்டருக்கும் மேரி பூப்போட்ட உறை தைத்துப் போட்டாள். விளையாடும்போது நான் கழற்றிவிடுவேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகெல்லாம் கரையில் நின்றது. நாட்டுப்படகுகளுக்காக ஐஸ் கம்பெனி பேருக்கு ஓடியது. நான் காலையில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, போருக்குத் தயாராவேன். பரமக்குடி டீமோடு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பந்தயம். நான்தான் வாசலைக் காக்கும் ஆள். படகு கட்டும் ஜெட்டியில் வலை பின்னுகிறவர்களிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரம் பார்த்துப் படம் திக்க ஆரம்பித்தது.

நொடிக்கு அறுபது படமாவது ஓடினால்தான் இந்த விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும். அதைத்தான் ஃபிரேம் ரேட் என்பார்கள். எனக்கு ஓடியது பதினெட்டு. எதிரி தூரத்தில் தெரிவான். நான் குறி பார்ப்பேன். படம் அப்படியே நிற்கும். மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். அவன் என் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பான்.

நவ்ஷாத்துக்குப் போன் போட்டேன்.

"டிரைவரை அப்டேட் பண்ணுங்கண்ணே."

பண்ணினேன். பதினெட்டு.

"கிராஃபிக்ஸைக் குறைங்கண்ணே."

குறைத்தேன். முதலில் நிழல் போனது. அப்புறம் புல் போனது. மரத்தில் இலை போனது. கடைசியில் எதிரிக்கு மூக்கு போனது. அப்போதும் பதினெட்டுதான்.

"டெம்பரேச்சர் என்ன காட்டுது?"

"தொண்ணூத்தெட்டு."

"யா அல்லா! முட்டை அவிக்கலாம்ணே அதுல. முன்னாடி ஃபில்டர் இருக்கும், அதைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க."

துடைப்பதெல்லாம் என் இலாகா இல்லை. மேரியைக் கூப்பிட்டேன். அவள் முன்பக்கத்தைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். மாட்டினாள்.

"எல்லாம் வச்சது வச்ச மாதிரி சுத்தமா இருக்குங்க" என்றாள்.

"சுத்தமா இருக்காம்டா."

"அப்ப பக்கக் கதவைத் தெறந்து வச்சுட்டு ஆடிப் பாருங்க."

"என்ன பேச்சுப் பேசுற? கடலு கூப்பிடு தூரத்துல இருக்கு. தெறந்து வச்சா உப்புக்காத்து உள்ள பூந்து துருப்பிடிச்சுப் போகும். நீ ராம்நாட்ல இருக்க, ஒனக்குத் தெரியாது."

நவ்ஷாத் அடுத்து கேட்டான்.

"ரூம்ல ஏசி இருக்காண்ணே?"

அவனுக்கும் என் கொள்கையை விளக்கினேன்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான்னா உங்க இடத்துல உச்சிப்புளி வினோத்குமாரைப் போட்டுருவேன். நீங்க வீடியோல பாத்துக் கை தட்டுங்க."

கை தட்டுவதா? நானா? அந்த வினோத்குமார் ஓடும்போது சுவரில் மோதுகிறவன். எனக்கு அழுகை வராத குறை.

குளிர்தானே வேண்டும் என்று அடுத்த நாள் கம்பெனியிலிருந்து ஒரு பார் ஐஸ் எடுத்து வந்தேன். அலுமினிய அண்டாவில் வைத்தேன். அண்டாவைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்தேன். அண்டாவுக்குப் பின்னால் டேபிள் ஃபேன். அறை குளுகுளுவென்று ஆனது. மேரி பாயை எடுத்து வந்து அண்டா ஓரமாக விரித்துப் படுத்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

கம்ப்யூட்டர் மட்டும் தொண்ணூற்றேழு காட்டியது. பார் ஐஸ் கரைந்து பாய் நனைந்தபோது எனக்கு உண்மை புரிந்தது. ஐஸ் போதாது. இந்த வியாதிக்கு ஏசிதான் மருந்து. ஆனால் இதை மேரியிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன்.

"மேரி, ஒரு ஏசி போட்டா என்ன?"

கரண்டி நின்றது. "யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

"ஏசி எதுக்குங்க? கடக்காத்து ஓசில வருது. கரண்ட் பில்லு கெடையாது, சர்வீஸ் கெடையாது."

என் வசனம். ஒரு எழுத்து குறையவில்லை.

"அது மனுசனுக்குச் சரி மேரி. மெஷினுக்குச் சரிப்படாது."

"ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் பொட்டிக்குக் கீழ கெடக்கணுமா? எனக்கு மூச்சு முட்டும். வேணாங்க."

"அதெல்லாம் முட்டாது. பழகிரும்."

"வேணாம்னா வேணாம். எங்கண்ணன் கேட்டா, தங்கச்சி கேட்டு வாங்குனான்னு நெனைக்கும். எனக்கு அசிங்கம்."

"ஒங்கண்ணன்ட்ட நானே சொல்றேன். நாந்தான் கேட்டேன்னு சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க."

சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். மச்சான் ஏதோ இருமினார். அதன்பிறகும் அவள் மசியவில்லை. உடம்புக்கு ஆகாது என்றாள். பழைய டேபிள் ஃபேன் கோவித்துக்கொள்ளும் என்றாள். நான் விடவில்லை. குளிர்ந்த அறையில் தூங்கினால் தலைவலி போகும் என்றேன். முகம் பளபளப்பாகும் என்றேன். வாழ்நாளில் நான் இவ்வளவு பேசி அவளை ஜெயித்தது கிடையாது.

"சரி, ஒங்க இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டாள். கருவாட்டுக் குழம்பு அன்றைக்கு அமிர்தமாக இருந்தது.

சனிக்கிழமை ஏசி வந்தது. மாட்டுகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று மேரியே மேஜையை இழுத்தாள், கம்ப்யூட்டரை நகர்த்தினாள், துடைத்தாள். எதிர்த்தவள் இப்படி உழைக்கிறாளே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. எல்லாரும் போனபின் ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, விளையாட்டைத் திறந்தேன். தொண்ணூறு படம்! மரத்துக்கு இலை வந்தது. எதிரிக்கு மூக்கு வந்தது, மூக்கில் மச்சம்கூடத் தெரிந்தது. நவ்ஷாத்துக்குப் போன் போட்டு வினோத்குமாரை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஜெட்டிப் பக்கம் போய் ஊருக்கெல்லாம் நாலு மணி என்று நினைவுபடுத்திவிட்டுத் திரும்பினேன். மணி நாலாகப்போகிறது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. மேஜை, நாற்காலி, வயர் எல்லாம் சேர்த்து.

"மேரி! இதை யாரு இங்கன கொண்டாந்து வச்சது?"

"நாந்தான்" என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல். "உர்ருங்குது. கலர் கலரா எரியுது. மனுசி தூங்க வேணாமா?"

"ஐயோ, ஹால்ல சூடு ஏறிருமே! பந்தயம் இப்ப ஆரம்பிக்கப் போகுதே!"

"அங்கனயே ஆடிப் பாருங்க."

திரும்பத் தூக்கி வைக்க நேரமில்லை. நவ்ஷாத் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்தோணியாரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்து கிடந்தது. மே மாதக் காற்று அனலாக அடித்தது. என் முதுகில் வேர்வை ஓடியது.

படம் தொண்ணூறு ஓடியது.

பரமக்குடிக்காரர்கள் என் வாசலுக்கு வந்த வரிசையில் விழுந்தார்கள். கடைசி ஆளை நான்தான் சுட்டேன். "அண்ணே! நீங்கதாண்ணே!" என்று நவ்ஷாத் கத்தினான். நான் எழுந்து நின்று எனக்கே கை தட்டினேன். அப்புறம்தான் யோசித்தேன். ஏசி இல்லையே. இது எப்படி ஓடியது?

கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. மேரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"மேரி, ஜெயிச்சுட்டோம்!"

"சந்தோசம்."

"ஏசி இல்லாமலே ஓடுது!"

"ஓடும். நேத்தே அந்தக் கறுப்புத் துணிய எடுத்துட்டேன்ல."

"எந்தத் துணி?"

"கம்பி ஒடஞ்ச ஒங்க குடைத் துணி. பொட்டி முன்னால அந்த வலைக்குப் பின்னாடி மடிச்சு வச்சிருந்தேன். உப்புக்காத்து போகக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அடிப்பாவி! அங்கன அடைச்சா மூச்சு முட்டும்னு அன்னைக்கே சொன்னேனே!"

"ஆமா. நீங்க சொல்லலைன்னா எனக்கு எங்கன அடைக்கணும்னு தெரிஞ்சிருக்குமா?"

"கருகிப் போயிருந்தா?"

"எப்படிக் கருகும்? ரொம்பச் சூடானா அதுவே தன்னால நின்னுக்கிரும்னு சொன்னீங்கள்ல. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்பதற்கு நிறைய இருந்தது. மச்சானிடம் நானே போன் போட்டுச் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒரு விரலை உயர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஏங்க," என்றாள் மேரி மறுபக்கம் புரண்டு படுத்தபடி, "கதவைச் சாத்திட்டுப் பேசுங்க. குளிர் பூரா வெளிய போகுது."