பந்து கீழ வரங்காட்டியும்

ராயபுரத்து கதைன்னதும் இன்னா நெனச்சிகினு குந்திகீறீங்க? கத்தி கீது, கடத்தல் கீது, ஹார்பர்ல பெரிய ராவடி கீதுன்னு தானே? வாய தொடச்சிக்கோ நைனா. இதுல சிந்துறது கண்ணுத்தண்ணி மட்டும்தான். அதுவும் நம்ம ஜார்ஜோடது.

ஜார்ஜ் ஹார்பர்ல கிரேன் ஓட்றவன். மீசையே ரெண்டு கிரேன் மாதிரி தூக்கிகினு நிக்கும். பெரிய வெள்ளி ஊர்வலத்துல பெரிய சிலுவைய தூக்க வருசத்துக்கு ஒரே ஆளத்தான் கோயில்ல பொறுக்குவாங்க. தவக்காலம் பூரா சுத்தபத்தமா இருக்கறவன்தான் தூக்கணும். ஜார்ஜோட அப்பன் தூக்கினது. ஜார்ஜு பேரு வருசா வருசம் தள்ளிப்போயி, இந்த வாட்டிதான் வந்துகீது.

ஆனா உள்ளுக்குள்ள ஒரு பேஜாரு. பொண்டாட்டி கரோலின் அவ அம்மா வூட்டுக்கு போன வாரத்துல, சாயங்காலம் ஆறு மணிக்கு கேபிள்ல டெய்லி ஓட்ற ஒரு பொம்மைப்படம் பாத்துட்டான். ஜப்பான்காரன் எடுத்த பழைய படம், வாலிபால் ஆட்டம். திங்கக்கெழம ஒருத்தன் பந்த அடிப்பான், அது வெள்ளிக்கெழமதான் கீழ வரும். நடுவுல அடிச்சவன் ஆத்தா கதை, தடுக்கப்போறவன் அக்கா கல்யாணம், எல்லாம் ஓடும். "மீச மொளச்சவன் பாக்கறதாடா இது?"ன்னு டீக்கடைல நாலு பேர ஓட்டினவன் ஜார்ஜு. இப்ப மாட்டிகினான்.

ஹீரோ ஒரு குள்ளன். எதிர் டீம்ல ஒரு நெட்டக்கொக்கு. பேரெல்லாம் ஜார்ஜு வெச்சதுதான், பேசறது இங்கிலீசு, இவனுக்கு ஒண்ணும் புரியல, படத்த வெச்சே கதைய புடிச்சிகினான். கொக்க வில்லன்னு திட்டிகினே பாத்தா, அவன் ஆத்தா மீன் விக்கிது. தோத்தா அவன் படிப்ப வுட்டுட்டு மீன் புடிக்க போட்டுக்கு போவணும். இந்தப் பக்கம் குள்ளனும் பாவம். கெட்டவன்னே ஒருத்தனும் இல்லாத ஆட்டத்துல யாரு கெலிக்கணும்னு ஜார்ஜு யாராண்ட போய் கேப்பான்?

கரோலின் திரும்பி வந்தா. ஆறு மணி அவ சீரியல் டைம்.

தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதன் அன்னிக்கு பாதர் முன்னாடி நெஞ்ச நிமித்திகினு சொன்னான் ஜார்ஜு: "ஈஸ்டர் வரிக்கும் எங்க வூட்ல டிவி கெடையாது பாதர். இதான் எங்க ஒறுத்தல்."

பாதர் கண்ணு கலங்கிட்டாரு. கரோலின் கண்ணு செவந்துட்ச்சி.

"இன்னாயா, என் சீரியல ஒறுக்கறதுக்கு நீ யாரு?"

"ஆன்மா முக்கியம்மே. டெய்லி ஆறு மணிக்கு பக்கத்து வூட்டு வியாகுலம்மாவோட குந்திகினு ஜெபமால சொல்லு."

"நீ?"

"நான் தனியா தியானம் பண்றேன்."

கரோலின் அவன ஏற எறங்க பாத்தா. அப்பால ஜெபமாலைய எடுத்துகினு போயிட்டா.

கதவு தாப்பா. டிவி மேல போத்தின வெள்ளத்துணி கீழ. சத்தம் வெளிய போவக்கூடாதுன்னு வால்யூம் நாஸ்தி. சத்தமில்லாத படம் சப்புன்னு இருந்துச்சி, அதால டயலாக்க இவனே வுட ஆரம்பிச்சான். "ஆத்தா, நான் தோத்துட்டா உன் கூடைய யாரு தூக்குவா?"ன்னு கொக்குக்கு. "தோஸ்து, உன்ன தோக்கடிச்சி நான் இன்னா பண்ணப்போறேன்?"ன்னு குள்ளனுக்கு. பேசிட்டு துண்ட வாய்ல வெச்சிகினு அழுவான்.

மேல அலமாரில மாதா சுரூபம் பாத்துகினே கீது. அந்தக் கண்ண பாக்க முடியாம, மாதாவ செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சான். அப்பால டெய்லி அதே வேலதான்.

"மாதா ஏன்யா செவுத்த பாக்குது?"

"தூசி தொடச்சேன்மே."

"டெய்லி தூசியா?"

ஜெபம் முடிச்சி வர்ற கரோலினுக்கும் கண்ணு வீங்கிகினு கீது. "இன்னாமே?"ன்னா, "ஜெபத்துல உருகிட்டேன்யா"ன்றா. ஜார்ஜுக்கு கூசிப்போச்சி. பொண்டாட்டி ஆண்டவருக்கு அழுவுறா, நான் கொக்குக்கு அழுவுறேன். இந்தத் தோளுல சிலுவையா?

குருத்து ஞாயிறுக்கு முன்னாடி வெள்ளிக்கெழம. கடைசி ஆட்டம். கொக்கு அடிச்ச பந்து நேத்தே மேல போய்ட்ச்சி. இன்னிக்கு கீழ வரணும். ஆறுக்கு அஞ்சு நிமிசம், கரோலின் ஜெபமாலையோட கெளம்பறா, வாசல்ல பாதர்!

"ஜார்ஜு, உன் வூட்டப் பத்தித்தான்யா போன ஞாயிறு பிரசங்கத்துல சொன்னேன். டிவிக்கே கோடி போத்தின மனுசன்!"

ஜார்ஜு மூஞ்சி தொங்கிப்போச்சி. கரோலின் சுக்குக்காபிய ஆத்தாமயே கொண்ணாந்து வெச்சா. "சீக்கிரம் குடிங்க பாதர், ஆறிடப்போவுது." அவளும் மணிய பாக்கறா. ஜெபத்துக்கு இன்னா தவிப்பு பாரு இவளுக்குன்னு ஜார்ஜுக்கு இன்னும் வெக்கமாப்பூட்ச்சி. வாய தொறந்து உண்மைய சொல்லிடலாமான்னு ஒரு செகண்டு நெனச்சான். அப்பன் தூக்கின சிலுவை கண்ணு முன்னாடி வந்துச்சி. மூடிகினான்.

மணி ஆறு. பாதர் ஊதி ஊதி குடிக்கறாரு. "ஏன்யா ஜார்ஜு உனக்கு இப்டி வேர்க்குது?"

அப்பத்தான் பக்கத்து வூட்டுலேந்து செவுத்துல தொம்மு தொம்முன்னு தட்ற சத்தம். காசிமேட்டுல ஏலம் கூவுற கொரலு, வியாகுலம்மா:

"யோவ் ஜார்ஜு! மணி ஆறு ஆவுது, இன்னும் ஆரம்பிக்கல? பந்து கீழ வந்துச்சா இல்லியா? கொக்கு கெலிச்சானா? தெருப் பொம்பளைங்க அத்தினி பேரும் செவுத்துல காத வெச்சிகினு குந்திகீறோம்! உன் பொண்டாட்டி வேற இன்னும் வரல, 'எம் புருசன் அழுவுற எடத்துல மூச்சு வுடாம கேளுங்கடி'ன்னு டெய்லி எடம் புடிச்சி குடுக்கறதே அவதானேயா!"