குளவி குடியேறிய துவக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு சைக்கிள் கடைக்கு வந்தவன், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பத்திரிகை ஆசிரியர் திருத்திப் போடட்டும். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதை சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலையில் துவக்கை, அதுதான் துப்பாக்கியை, கண்டு ஓடியவர்கள் உண்டு, கட்டிலுக்குக் கீழே ஒளித்தவர்கள் உண்டு. ஆனால் துவக்கைக் கண்டதும் "ஐயோ பாவம், துருப்பிடிச்சுப் போச்சே" என்று மடியில் தூக்கி வைத்துக்கொண்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரைத் துவக்கர் என்போம். சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் என் கடை. அதற்கு அடுத்த வீடு அவருடையது. அவரிடம் மூன்று ரைபிள்கள் இருந்தன. மூன்றும் வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய சண்டையில் இங்கே வந்து தங்கிவிட்டவை. ஒன்று நிலாவெளியில் கரைவலையில் மீனோடு மீனாக ஏறியது என்பார். மீனவர்கள் வலையைப் போட்டுவிட்டு ஓட, இவர் எதிர்ப்பக்கமாக ஓடி வந்தாராம்.

பயப்பட வேண்டாம், மூன்றும் செத்த துவக்குகள். குழலின் அடியில் இரும்பை உருக்கி அடைத்து, ஊசியைக் கழற்றி, சுட ஏலாதபடி செய்த பிறகுதான் வைத்திருக்க அனுமதி கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை பொலிஸ் வந்து குழலுக்குள் நீளக் கம்பி ஒன்றை விடும். கம்பி அடைப்பில் 'டொக்' என்று முட்ட வேண்டும். முட்டினால் அனுமதி நீளும்.

சுடாத துவக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்வார்? எனக்கு அதை அறியத்தான் ஆசை. வேலை இல்லாதபோதெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். பழைய பெனியன் துணியில் எண்ணெய் தொட்டு, மரக்கட்டையைத் தடவிக்கொண்டே இருப்பார். மரத்தில் நெளிவு இருந்தால் ஈரத்துணியை விரித்து, சுடச்சுட ஸ்திரிக்கைப்பெட்டியை வைத்து அழுத்துவார். அமுங்கின மரம் ஆவி குடித்து, பொங்கி மேலே வரும். அந்தப் பெட்டி அவர் மனைவியினுடையது, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர். அன்ரியின் சேலைகள் எல்லாவற்றிலும் எண்ணெய் வட்டம் இருக்கும்.

"இஞ்சாருங்கோ, என்னை ஒருநாளாவது இப்பிடித் தடவிக் குடுத்திருக்கிறியளோ?"

"உமக்குத் துருப்பிடிக்கேல்லையே."

ஒருநாள் என் கடைக்கு ஆணி தேடி வந்தார். மூலையில் கிடந்த பழைய சைக்கிளைக் கண்டதும் குந்திவிட்டார்.

"தம்பி, இதின்ர நெத்தியப் பாத்தியா?"

நெற்றித் தகட்டில் மூன்று துவக்குகளைச் சாய்த்து நிறுத்திய படம். இத்தனை வருடம் அதைக் குடை என்று நினைத்திருந்தேன்.

"துவக்குச் செஞ்ச கொம்பனிதான் இந்தச் சைக்கிளும் செஞ்சது. இது என்ர பிள்ளையளுக்குச் சகோதரம். வித்துப்போடாத." அன்றிலிருந்து எண்ணெய்த் துணியோடு அதையும் பார்க்க வருவார்.

அவருடைய உண்மையான பிள்ளை ஒரே மகள். நிலாவெளியில் கட்டிக்கொடுத்திருந்தது. கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. அவள் வந்து போகும் நாட்களில் மட்டும் துவக்கர் துவக்கைத் தொடமாட்டார்.

ஒருமுறை காய்ச்சலில் படுத்து எழும்பியவர், கரைவலைத் துவக்கை எடுத்தபோது "ஆ!" என்று கத்தினார். குழலின் வாயை மண் அடைத்திருந்தது. குளவிக் கூடு. மண்ணெண்ணெய்ப் போத்தலோடு திரும்பினால், அன்ரி கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலில்.

"கைய வைச்சுப் பாருங்கோ! வீட்டில குளவி கூடு கட்டினா பிள்ளை கிடைக்கும். இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்திருக்கு."

"குழல் துருப்பிடிக்குமடி."

"பிடிக்கட்டும்!"

துவக்கர் போத்தலைக் கீழே வைத்தார். பிறகு நடந்ததுதான் அதிசயம். அந்தக் குளவிக்கு அன்ரியைவிடப் பெரிய காவல் அவரே ஆனார். பக்கத்தில் தும்மக்கூட விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுப் பொலிஸ் சார்ஜன் கம்பியோடு வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். முதல் துவக்கு 'டொக்'. இரண்டாவது 'டொக்'. மூன்றாவதின் வாயைத் துவக்கர் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"ஐயா, கைய எடுங்க."

"ஏலாது மாத்தயா. உள்ளுக்கு ஆள் இருக்கு."

சார்ஜன் இரண்டடி பின்னுக்குப் போனார். அன்ரிதான் ஓடிவந்து விளக்கம் சொன்னார்.

"நல்லது அம்மா. ஆனா நான் பாக்காம எழுத முடியாது. பாக்க விடாட்டி மூண்டையும் கொண்டு போகணும். அனுமதி போனா உருக்கத்தான் அனுப்புவாங்க."

வேலிக்கு மேலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியை ஒருமுறை விட்டால் முடிகிற வேலை. துவக்கர் மூன்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கொண்டு போங்கோ. ஆனா இத நான்தான் தூக்கி வருவன். வாயை மேல வைச்சுத்தான் கொண்டு போகவேணும்."

ஓட்டோவில் சார்ஜனுக்குப் பக்கத்தில், வாய் மேலே பார்க்க வெளியே நீட்டிய துவக்கோடு துவக்கர் போனார். சந்தையடியில் சனம் சிதறியது. "பள்ளம், பள்ளம், மெதுவா!" என்று அவர் கத்தியதை, பொலிசைத் துவக்குமுனையில் கடத்திப்போகிறார் என்று ஊர் விளங்கிக்கொண்டது.

பிறகு ஒவ்வொரு நாளும் நிலையத்துக்கு நோயாளி பார்க்கப் போகிறவர் மாதிரிப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துப் போவார். போகப்போகப் பொலிஸ்காரர்களே முந்திக்கொண்டு "இன்னும் வரல்ல ஐயா" என்பார்கள். சார்ஜன் அதைச் சன்னலோரம், காற்றுப் படுகிற இடத்தில், வாயை மேலே வைத்துச் சாத்தியிருந்தார். உருக்க அனுப்பும் கடதாசி மட்டும் ஏனோ எழுதப்படவில்லை.

ஒரு காலை மண்ணில் ஓட்டை. குளவி பறந்துவிட்டது. துவக்கர் தன் கையாலேயே மண்ணைத் தட்டிக் கம்பியைச் சார்ஜனிடம் கொடுத்தார். 'டொக்'. நிலையமே கைதட்டியது. மூன்று துவக்கும் வீடு திரும்பின.

சில மாதம் கழித்து மகள் முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. குளவிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. துவக்கரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது தம்பி. ஆனா கைய வைக்க மனம் வரேல்ல" என்றார்.

பேத்தி பிறந்ததும் துவக்கரும் அன்ரியும் துவக்குகளோடு நிலாவெளிக்கே போய்விட்டார்கள். வேலிக்கு மேலால் பார்க்க ஒன்றுமில்லை.

போன கிழமை ஒருவர் அந்தப் பழைய சைக்கிளை விலைக்குக் கேட்டார். மூலையிலிருந்து எடுக்கும்போது பார்க்கிறேன், இருக்கைக் கம்பி கழற்றிய குழாயின் வாயில் ஈர மண். விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கோ கலியாணமும் இல்லை, வீட்டில் பிள்ளை பெற ஆளும் இல்லை. என்றாலும் நிலாவெளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

துவக்கர்தான் எடுத்தார்.

"வாயை மேலதானே வைச்சிருக்கிற?" என்று கேட்டார். "நாளைக்கு வாறன்."

எழுதி முடித்தது: ஐப்பசி மழை தொடங்கிய வெள்ளிக்கிழமை, சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டு வைத்துவிட்டு.